கண்ணை மட்டும் பார்த்தால் போதாது

போக்கர் சீட்டாட்டத்தில் எதிராளி நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் ஏமாற்றுகிறாரா என்பதைக் கண்ணை வைத்தே சொல்லிவிடலாம் என்கிறது உங்கள் கட்டுரை. முகத்தை யாரும் அடக்கிக்கொள்வார்கள் சார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யில் இருந்த ஜோ நவாரோ கால் அசைவைக் கவனிக்கச் சொல்கிறார், அதுதான் சரி.

கண்ணும் சில நேரம் காட்டிக்கொடுக்கும்தான். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டை விரித்ததும் மாமாவின் பார்வை ஒரு நொடி தன் கொட்டைக் குவியலுக்குப் போய்வரும். அப்போது அவர் கையில் நல்ல சீட்டு இருக்கும்.

கை நடுங்கினால் பயம் என்று எழுதியிருப்பதையும் ஏற்க முடியவில்லை. பெரிய சீட்டு வந்த பரபரப்பிலும் நடுங்கும். அதுவும் டிசம்பர் ராத்திரி மலைக் குளிரில் எல்லார் கையுமே நடுங்கும். ஆள் சாதாரணமாக எப்படி உட்காருவார், எப்படிப் பேசுவார் என்று முதலில் பார்த்து வைக்க வேண்டும். கட்டுரையில் இதைச் சேர்த்திருக்கலாம்.