மூன்று வயதில் பென்சில் பிடிப்பது பற்றி
“3 வயதிலேயே தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து எழுதப் பழக்குங்கள், ஓடி விளையாடுவது நேர விரயம்” என்று சிலர் சொல்வது தவறு. அந்த வயதில் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தோள் உறுதிப்படாத குழந்தை பென்சிலை முஷ்டியாகப் பிடித்து, முழுக் கையையும் அசைத்து, தாள் கிழிய அழுத்தும். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள், பாவம்!

தோளுக்கு வலு தருவது தொங்குதல், ஏறுதல், தவழ்தல். சுவரில் கண் மட்டத்தில் தாள் ஒட்டி, 2–3 செ.மீ. கிரேயான் துண்டு கொடுங்கள். துண்டு சிறிதானால் முஷ்டியாகப் பிடிக்க வராது, விரல் நுனிகள் தாமாகவே பிடிக்கும்.

கணக்கும் அப்படித்தான். தரையில் 1 முதல் 10 வரை கட்டம் போட்டு, 5-இல் நின்று 3 தாவல் தாவச் சொன்னால் 8-க்கு வர வேண்டும். நிற்கும் கட்டத்தையே “ஒன்று” என்று எண்ணினால் 7-இல் நின்றுவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. கால் எழும்பிய பிறகே எண்ணைச் சொல்ல வையுங்கள். வெறுமனே ஓடினால் எண் வராது என்பதும் உண்மைதான்; அசைவு பாடத்தோடு பொருந்த வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, 3–4 வயதுக்கு நாளில் குறைந்தது 180 நிமிட உடலசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு.