மரத்திலிருந்து இறக்கினால் மருந்தாகிவிடுமா?

முந்தாநாள் கள்ளைப் புகழ்ந்து ஒருவர் போட்ட பதிவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "கெமிக்கல் சரக்கில்தான் கேன்சர் வரும், கள் இயற்கை" என்று எழுதியிருந்தார். மறுத்து நான் போட்டது நாலே வரி. அதற்குள் சாராய ஆலைக் கைக்கூலி ஆகிவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன். யாரும் கலக்காமலே, புளிப்பிலேயே புற்றை உண்டாக்கும் பொருள் பிறக்கிறது.

சீனாவில் ஷாவோசிங் அரிசி மதுவைப் பாருங்கள். பசையரிசி, கோதுமையில் வளர்த்த பூஞ்சைக்கட்டி, ஏரித் தண்ணீர், அவ்வளவுதான். ஈஸ்ட், புரதத்தின் ஒரு கூறான அர்ஜினைனை உடைக்கும்போது யூரியா வெளிவரும். யூரியாவும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எத்தில் கார்பமேட் என்ற வேதிப்பொருள். மதுவை நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு ஜாடியில் ஊற்றி, களிமண்ணால் வாயை மூடி வருஷக்கணக்கில் வைப்பது அவர்கள் மரபு. அந்தச் சூடும் காலமும்தான் இதைக் கூட்டுகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தார், மனிதருக்கு அநேகமாகப் புற்று உண்டாக்குபவற்றின் 2ஏ பட்டியலில் 2007ல் இதைச் சேர்த்தார்கள். கனடா 1985லேயே ஒயினுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேக்கு 200 என்று வரம்பு கட்டியது.

"கள்ளை அன்றன்றே குடிக்கிறோம், காய்ச்சுவதில்லையே" என்பீர்கள். சரி, எத்தில் கார்பமேட்டை விடுங்கள். சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வழியிலேயே அசிட்டால்டிஹைட் என்ற இன்னொரு புற்றுப் பொருள் இருக்கிறது. குடித்த ஆல்கஹாலையும் உடம்பு முதலில் அதாகத்தான் மாற்றுகிறது. மதுபானம் எதுவானாலும் புற்றுநோய்க் காரணி என்று அதே நிறுவனத்தார் 1988லேயே, உறுதியானவற்றுக்கான முதல் பட்டியலில் வைத்துவிட்டார்கள். மரத்துக் கள்ளுக்கு அதில் விலக்கு இல்லை.

பனையேறிகளுக்கு எதிரியா நான்? என் தாத்தா பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் மரத்திலேயே கள். இதை எனக்குக் காட்டியவரே அவர்தான். பதநீரும் கருப்பட்டியும் நல்ல விலைக்குப் போகட்டும், முதல் ஆளாக வாங்குகிறேன்.

என் மாமன் பாலக்காட்டுச் சித்தூரில் இருந்தவர். பீடி இல்லை, வெற்றிலை இல்லை, பாட்டில் சரக்கைத் தொட்டதில்லை. தினமும் கள் மட்டும். உணவுக்குழாயில் புற்று வந்தது. கடைசியில் ரசஞ்சோற்றைக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. டாக்டர் குடிப்பழக்கம் கேட்டபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது மரத்துக் கள்ளுதானுங்கன்னு சொல்லு கண்ணு" என்றார். ஏதோ அதைச் சொன்னால் நோய் இறங்கிப் போய்விடும் என்பதுபோல.

ஒரு மாமனை வைத்து அறிவியல் பேசாதே என்று ஒருவர். அறிவியலை மேலே சொல்லிவிட்டேன். மாமனைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட நீங்கள் யார்? தொண்ணூறு வயசுவரை கள் குடித்த உங்கள் தாத்தாவை மட்டும் நான் நம்ப வேண்டுமா?

அந்தக் கைக்கூலிக் கமெண்டுக்கு லைக் போட்டவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். வடிகட்டியை அன்றைக்குப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.