கொயரில் பாடுவது ஓசி வேலை இல்லை

வடசென்னை என்றாலே கானா, பாக்ஸிங், ஃபுட்பால். சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது, நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ராயபுரத்திலிருந்து பெரம்பூர் வரைக்கும் சர்ச்சுகளில் நாலு குரலாகப் பிரிந்து பாடுகிற கொயர்கள், அதாவது பாடகர் குழுக்கள், மட்டும் அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. எங்கள் கொயரில் சில பெரியவர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, வராது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய சோல்ஃபா முறையில், டோ ரே மீ எழுதிய பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சுருதி பிசகாமல் பாடுவார்கள். அவர்களில் ஒருவர் பகலில் ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

போன டிசம்பரில் ஒரு ஈவென்ட் மேனேஜர் போன் செய்தார். பெரிய கம்பெனியின் கிறிஸ்துமஸ் விழா, இருபது பேர் வந்து அரை மணி நேரம் பாட வேண்டும். எவ்வளவு தருவீர்கள் என்றேன். "சார், சர்ச் கொயர்தானே? கேக், பிரியாணி எல்லாம் உண்டு சார்." சவுண்டுக்காரருக்குக் காசு உண்டு. லைட்டுக்கு உண்டு. மேடையில் பலூன் கட்டுகிறவருக்கும் உண்டு. பாடுகிறவனுக்கு மட்டும் பிரியாணி. முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு என்மேல் வருத்தம், அந்த பிரியாணி நல்ல கடை பிரியாணியாம்.

ஆராதனையில் பாடுவதற்குக் காசு கேட்கவில்லை. அது வேறு. நான் சொல்வது மேடைக் கச்சேரிக்குப் பாடும் கொயர் பற்றி. அது எவ்வளவு பெரிய வேலை என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல் குரல், கீழ்க் குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல் குரல், கீழ்க் குரல்) என்று பிரித்துவிட்டால் முடிந்துவிடாது. (நான் பேஸ். எங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள், அது தனிக் கதை.) நீளமான வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். அதனால் பக்கத்து ஆள் வாங்காத இடமாகப் பார்த்து ஒவ்வொருவரும் வாங்க வேண்டும், கேட்கிறவருக்கு அது தெரியவே கூடாது. பியானோ இல்லாமல் பாடும்போது சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முடிவில் பியானோவைத் தட்டிப் பார்த்தால் எவ்வளவு இறங்கிவிட்டோம் என்று தெரிந்து மானம் போகும்.

தமிழில் பாடினால் இன்னொரு தொல்லை. வரி "ல்" என்றோ "ன்" என்றோ முடிகிறது என்று வையுங்கள். முப்பது பேரும் அந்த மெய்யை ஒரே நொடியில் மூட வேண்டும். ஒருவர் முந்தினாலும் போச்சு. "ழ" வரும் இடத்தில் பாதிப் பேர் "ள" பாடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சோலோ குரல் உள்ளவர்தான் இங்கே பெரிய தலைவலி. தன் குரலைத் தனியாகக் கேட்க விடாமல் அடக்கிப் பாடக் கற்றுக்கொள்ளவே அவருக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

இதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பிரிட்டனின் ஒலிபரப்பு நிறுவனமான பிபிசியின் கொயர், பிபிசி சிங்கர்ஸ், 1924இல் தொடங்கியது. ஏறக்குறைய இருபது பேர், எல்லாரும் சம்பளக்காரர்கள். புதிதாக எழுதிய ஸ்கோரை (இசைக்குறிப்பை) கையில் கொடுத்தால் பார்த்த கையோடு பாடுவார்கள். நூறு வருஷம் நிறையப் போகிற நேரத்தில், 2023 மார்ச்சில், அதை மூடப்போவதாக பிபிசி அறிவித்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து குவிந்தது, இசையமைப்பாளர்கள் சண்டைக்கு வந்தார்கள், சில வாரங்களிலேயே பிபிசி பின்வாங்கியது. சம்பளம் இருந்ததால்தான் அது ஒரு வேலை என்றும், போனால் நஷ்டம் என்றும் ஊருக்கே தெரிந்தது என்று நான் நினைக்கிறேன்.

நம்மூருக்கு இது புதுசும் இல்லை. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்கிற கொயர் 1893இலிருந்து இருக்கிறது. அதில் பாடுகிறவர்கள் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்காகப் பாடுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு பெரிய வணக்கம். "சர்ச் சமாச்சாரம், வெள்ளைக்காரன் சரக்கு" என்பவர்களுக்கு எம்.பி.எஸ். என்கிற இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனை ஞாபகப்படுத்துகிறேன். மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, இந்திய மொழிகள் பலவற்றில் கூட்டுப் பாட்டு பாட வைத்தவர். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவரே. பாட்டும் கூலியும் அந்த மனுஷனுக்கு ஒரே விஷயமாக இருந்திருக்க வேண்டும்.

பாடுகிறவர்களுக்குச் சம்பளம் தரும் ஒரு கொயர் சென்னைக்கு வேண்டும், அது வடசென்னையில் இருக்க வேண்டும். சபா எல்லாம் மயிலாப்பூர், தி.நகர் பக்கமே இருக்கட்டும், அதில் சண்டையில்லை. இங்கே பார்ட்ஸ், அதாவது தனித்தனிக் குரல் பகுதிகள், பாடிப் பழகிய காதுகள் ஏற்கெனவே இருக்கின்றன. கானா பாடும் பையன்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது, மூணு மாசம் மூச்சுப் பயிற்சி கொடுத்தால் டெனர் பஞ்சம் தீரும். டெனர் பஞ்சம் எல்லா கொயரிலும் உண்டு, சந்தேகம் இருந்தால் எந்த கொயர் மாஸ்டரையும் கேளுங்கள்.

மாதச் சம்பளம் உடனே முடியாதென்றால் சரி, ப்ராக்டிஸுக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூட ஹால் ஒன்றைத் திறந்து விடுங்கள். அப்புறம் அந்த ஈவென்ட் மேனேஜர் இந்த டிசம்பரிலும் போன் செய்வார். அவருக்கு ரேட் கார்டு தயாராக இருக்கிறது, பிரியாணி தனி.