வரையறைப் பிரிவிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ கவிழ்ந்தால் உடனே எழும் கோரிக்கை, "எல்லாத்தையும் ஒரே அமைப்புக்குக் கீழே கொண்டுவாங்க" என்பது. ஒரே அமைப்பு உள்ள நாட்டில் கவிழ்ந்தால் "ரெண்டா பிரிங்க" என்பார்கள். பிரிட்டன் 1997-க்கும் 2013-க்கும் இடையில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. எத்தனை அமைப்பு வேண்டும் என்று வாதாடும் நேரத்தில் பாதியையாவது சட்டத்தின் இரண்டு பிரிவுகளைப் படிப்பதற்குச் செலவிட வேண்டும் என்பேன். யார் யாரெல்லாம் கண்காணிப்புக்குள் வருவார்கள் என்று சொல்லும் வரையறைப் பிரிவு ஒன்று. ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்கு என்ன தகவல் சொல்லியாக வேண்டும் என்ற பிரிவு மற்றொன்று. ஓட்டை பெரும்பாலும் இந்த இரண்டில்தான் விழுகிறது.

முதலில் வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தொழில்வாரியாகப் பிரிப்பது பழைய முறை. இந்தியா இன்னும் அதில்தான் இருக்கிறது: வங்கிக்கு ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தைக்கு செபி, காப்பீட்டுக்கு ஐஆர்டிஏஐ, ஓய்வூதியத்துக்கு பிஎஃப்ஆர்டிஏ. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைப்பது அடுத்த முறை. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1971-இல் தொடங்கியது. மத்திய வங்கியும் அதுவே, வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை மூன்றுக்கும் கண்காணிப்பாளரும் அதுவே. ஜெர்மனி 2002-இல் மூன்று அலுவலகங்களை இணைத்து பாஃபினை உருவாக்கியது. ஆனால் மத்திய வங்கியைத் தனியாகவே வைத்தது. அமெரிக்கா எந்த வகைக்குள்ளும் அடங்காது. அங்கே கூட்டாட்சி உரிமம் வேண்டுமா மாநில உரிமம் வேண்டுமா என்று வங்கியே தேர்வு செய்யலாம்; காப்பீடு 1945 சட்டத்தின்படி மாநிலங்கள் கையில் இருக்கிறது.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது இரட்டைத் தூண் முறை. மைக்கேல் டெய்லர் 1995-இல் முன்வைத்த யோசனை இது. நிறுவனம் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை ஒருவருக்கு, வாடிக்கையாளரை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இன்னொருவருக்கு. ஆஸ்திரேலியா 1998-இல் இதைத் தொடங்கியது. பின்னர் நெதர்லாந்து, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா என்று பரவியது. பிரிப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பிரிட்டனில் கடன் தவணைப் பாதுகாப்புக் காப்பீட்டைத் தேவையில்லாதவர்கள் தலையிலும் கட்டி விற்றதற்காக வங்கிகள் திருப்பித் தந்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல். ஒவ்வொரு பவுண்டும் வாடிக்கையாளருக்கு நியாயம், வங்கியின் மூலதனத்தில் குறைவு. இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் இருந்தால், மூலதனம் பலவீனமான ஆண்டில் நியாயம் தள்ளிப்போகும்.

பிரித்தால் மோதல் மறைந்துவிடுமா? மறையாது, வெளியே தெரியும். மோதினால் யார் சொல் நிற்கும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பிரிட்டன் தன் நிதிச் சேவைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் மூலம் சேர்த்த 3ஐ பிரிவு இதைச் செய்கிறது. வாடிக்கையாளர் நலன் பார்க்கும் எஃப்சிஏ எடுக்கப்போகும் நடவடிக்கையால் நிதி அமைப்பின் நிலைத்தன்மைக்கே ஆபத்து, அல்லது ஒரு நிறுவனம் தாறுமாறாகச் சரியும் என்று மத்திய வங்கியின் பகுதியான பிஆர்ஏ கருதினால், "செய்யாதே" என்று தடுக்கலாம். இரட்டைத் தூண் வேண்டும் என்று பேசுபவர்களில் பலர் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவதே இல்லை. இதை எழுதாமல் இரண்டு தூண் எழுப்பினால் கடைசியில் தீர்ப்புச் சொல்வது நிதி அமைச்சரின் தொலைபேசி அழைப்புதான்.

இனி வரையறைக்கு வருவோம். தொழில்வாரி முறையின் பலவீனத்தை யூலிப் சண்டையைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை. யூலிப் என்பது காப்பீட்டையும் முதலீட்டையும் கலந்த திட்டம்: பிரீமியத்தில் ஒரு பகுதி ஆயுள் காப்பீட்டுக்கு, மீதி பங்குச் சந்தைக்கு. 2010 ஏப்ரல் 9 அன்று செபி, "இது மியூச்சுவல் ஃபண்ட் போன்றது, எங்கள் பதிவு வேண்டும்" என்று 14 காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தடை உத்தரவு போட்டது. காப்பீட்டு ஆணையமோ, "நீங்கள் விற்பனையைத் தொடருங்கள்" என்றது. ஒரே பொருள், எதிரெதிரான இரண்டு உத்தரவு, இரண்டும் சட்டப்படி அமைந்த அமைப்புகளிடமிருந்து. ஜூன் மாதம் அரசு அவசரச் சட்டம் போட்டு யூலிப்பைக் காப்பீட்டுப் பக்கம் சேர்த்தது. பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். என் பார்வையில் தீர்ந்தது அந்த ஒரு பொருளின் பெயர் மட்டுமே. முதலீட்டு ஆபத்தை வாடிக்கையாளர் சுமக்கிறாரா, அப்படியானால் எந்தப் பெயரில் விற்றாலும் கட்டண வெளிப்படைத்தன்மை, விற்பனைக் கமிஷன் விதிகள் ஒன்றாகவே இருக்குமா என்பதைத்தான் சட்டம் கேட்டிருக்க வேண்டும். செயலை வைத்து வரையறுக்காமல் பெயர்ப்பலகையை வைத்து வரையறுத்தால், அடுத்த கலப்புப் பொருள் வரும்போது அதே சண்டை மறுபடியும் வரும்.

ஒரே கூரை இருந்தால் இது வராது என்று நினைப்பவர்கள், ஜெர்மனியின் பணப் பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டைப் பார்க்க வேண்டும். குழுமத்துக்குள் இருந்த வங்கி பாஃபின் கண்காணிப்பில் இருந்தது. தாய் நிறுவனமோ தொழில்நுட்ப நிறுவனம் என்று வகைப்படுத்தப்பட்டதால் முழுக் குழுமத்தையும் நிதி நிறுவனமாக யாரும் பார்க்கவில்லை. பணச்சலவைத் தடுப்பில் தாய் நிறுவனம் யார் பொறுப்பு என்பதிலேயே பாஃபினுக்கும் கீழ் பவேரியா மாவட்ட நிர்வாகத்துக்கும் இடையே குழப்பம். கணக்கறிக்கையைச் சரிபார்க்கும் முதல் உரிமை அன்றைய சட்டப்படி ஒரு சிறிய தனியார் அமைப்பிடம் இருந்தது. சந்தேகம் வந்தால் பாஃபின் அதனிடம்தான் கேட்க வேண்டும். 2019 பிப்ரவரியில் கேட்டது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரிந்தது. ஒரே அமைப்பு, ஆனால் கை நீளாத அமைப்பு. 2021-இல் வந்த சட்டம் கணக்கைத் தானே புகுந்து பார்க்கும் அதிகாரத்தை பாஃபினுக்குக் கொடுத்தது.

கண்காணிப்பாளரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வரையறையோடு சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவில் சேமிப்பு வங்கிகளைப் பார்த்துக்கொண்ட ஓடிஎஸ், தான் கண்காணிக்கும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் நடந்தது. கட்டணமுறை உலகெங்கும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் நிறுவனம் உரிமத்தை மாற்றிக்கொண்டு வேறு கண்காணிப்பாளரிடம் போகலாம் என்றால் கட்டணம் லஞ்சம் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்கும். வீட்டுக்கடன் நிறுவனமான கன்ட்ரிவைடு 2007-இல் அப்படித்தான் ஓடிஎஸ் பக்கம் தாவியது. ஓடிஎஸ்ஸின் வருவாயில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டிய வாஷிங்டன் மியூச்சுவல் 2008 செப்டம்பரில் மூடப்பட்டது. அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய வங்கித் தோல்வி அது. அதே மாதம் 8,500 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கிய ஏஐஜி-க்கும் குழும அளவில் ஓடிஎஸ்தான் கண்காணிப்பாளர். உலகம் முழுக்கக் கிளை பரப்பிய காப்பீட்டுக் குழுமம், தன்னிடம் ஒரு சிறு சேமிப்பு வங்கி இருந்ததால் அந்த வகைக்குள் வந்தது. ஓடிஎஸ் 2011-இல் கலைக்கப்பட்டது.

தகவல் பகிர்வு ஏன் சட்டக் கடமையாக இருக்க வேண்டும் என்பதற்கு நார்தர்ன் ராக் என்ற பிரிட்டிஷ் வங்கி போதும். நிறுவனத்தின் உள்விவரம் அன்றைய ஒற்றைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்ஏ-விடம், அவசரக் கடன் கொடுக்கும் பணப்பை மத்திய வங்கியிடம், உத்தரவாதம் கொடுக்கும் அதிகாரம் நிதி அமைச்சகத்திடம். மூவரையும் இணைத்தது 1997-இல் எழுதிய ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். நெருக்கடியில் கடைசி முடிவு யாருடையது என்று அதில் தெளிவாக இல்லை. 2007 செப்டம்பர் 14 அன்று பணத்தை எடுக்க வங்கி வாசலில் வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்கள் பீதியடைந்தவர்கள் என்று பலர் எழுதியது தவறு. அன்றைய வைப்புக் காப்பீடு முதல் 2,000 பவுண்டுக்கு முழுமையாக, அடுத்த 33,000-க்கு 90 சதவீதம், மொத்தம் 31,700 பவுண்டு. அதற்கு மேல் வைத்திருந்தவர் வரிசையில் நின்றது சரியான கணக்கு. விழும் வங்கியைப் பிரித்துக் கையாளத் தனிச் சட்டமும் அப்போது இல்லை. நிரந்தரமான ஒன்று 2009-இல்தான் வந்தது.

இன்னொரு இடம், "செய்யலாம்", "செய்தாக வேண்டும்" என்ற இரண்டு வினைமுற்றுகள். பெரும்பாலான சட்டங்கள் பலவீனமான வங்கியின் மீது நடவடிக்கை "எடுக்கலாம்" என்றே எழுதும். எடுக்காவிட்டால் கேட்பாரில்லை, ஆறு மாதம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள், நட்டம் பெருகும். அமெரிக்கா 1991 சட்டத்தில் இதை மாற்றியது: சொத்தில் நிகர மூலதனம் 2 சதவீதத்துக்குக் கீழே போனால் 90 நாளில் வங்கியைக் கையகப்படுத்த வேண்டும், விதிவிலக்குக்குத் தனிக் காரணம் எழுத வேண்டும். நல்ல விதி, ஆனால் முழு மருந்தாகாது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறிய சிலிக்கான் வேலி வங்கி, மூலதனக் கணக்குப்படி அன்றும் முதல் தரத்தில்தான் இருந்தது. அதனால் மூலதனத்தோடு, பணம் எவ்வளவு வேகமாக வெளியேறக்கூடும் என்பதையும் கட்டாய நடவடிக்கைக்கான அளவுகோலில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

பணம் போடுபவர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் நிறுவனத்தின் சட்டப்பெயர் இருக்கும். விளம்பரத்தில் உள்ள பெயர் அதுவாக இருக்காது. அந்தச் சட்டப்பெயரைக் கண்காணிப்பு அமைப்பின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்தெந்த வேலைக்கு அனுமதி என்ற வரியைப் படியுங்கள். பணம் அனுப்பும் அனுமதி டெபாசிட் வாங்கும் அனுமதி ஆகாது. பிறகு எந்த நாட்டின் வைப்புக் காப்பீடு என்று பாருங்கள். 2008-இல் ஐஸ்லாந்து வங்கி ஒன்றின் இணையச் சேமிப்புக் கணக்கான ஐஸ்சேவில் பணம் போட்டிருந்த பிரிட்டிஷ் மக்கள், தாங்கள் நம்பியிருந்த முதல் காப்பீடு ஐஸ்லாந்தினுடையது என்பதை அது முடங்கிய பிறகே அறிந்தார்கள். கடைசியாக, செயலிக்கும் வங்கிக்கும் நடுவில் யார் கணக்கு எழுதுகிறார் என்று கேளுங்கள். 2024 ஏப்ரலில் திவாலான சினாப்ஸ் அப்படி நடுவில் இருந்த அமெரிக்க நிறுவனம். அதன் பேரேட்டுக்கும் வங்கிகளில் உண்மையில் இருந்த பணத்துக்கும் இடையில் 6.5 முதல் 9.6 கோடி டாலர் வரை வித்தியாசம். வங்கி எதுவும் விழவில்லை, அதனால் வைப்புக் காப்பீடும் வரவில்லை. நடுவில் இருந்தவர் எந்த வரையறைக்குள்ளும் வங்கியாக இல்லை.