கேப்சூல்: காலை 1, இரவு 1

பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, வாடகைப் பத்திரம், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். கூடவே, சில ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜ் ஆகிறவர் கையில் கொடுக்கிற மருந்துத் தாளும் உண்டு. அவர்கள் இங்கிலீஷில் தருவதைத் தமிழாக்கி அடித்துக் கொடுப்பேன். ஒற்றுப்பிழைகூட இல்லாமல் செய்கிறோம் என்று ஒரு கர்வம் இருந்தது.

எங்கள் தெரு மாமா ஒருவருக்கு இளைப்பு. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் மூச்சுமுட்டல் குறையவில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தாளை எடுத்துக் காட்டினார். 'கேப்சூல்: காலை 1, இரவு 1.'

"ஒரு வேளை விடல மருமவனே. வெந்நி வச்சு முழுங்குதேன்" என்றார்.

டிவி மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடந்தது. "இத எதுக்குக் குடுத்தாவன்னே தெரியல. பேரன் வச்சு வெளயாடுதான்."

அந்தக் கேப்சூலை அந்த டப்பாவுக்குள் போட்டு, திருகி, வாயில் வைத்துப் பொடியை உள்ளே இழுக்க வேண்டும். முழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய்விடும், நெஞ்சுக்குப் போகாது. தாளை அடித்தது நான்தான். எழுத்து பெரிதாக, அழகாகத்தான் இருந்தது. மாமா பழைய எட்டாங் கிளாஸ். ஒரு எழுத்து விடாமல் படித்து, படித்தபடியே செய்திருக்கிறார்.

அதனால்தான் 'படிக்காத சனங்க, என்ன சொன்னாலும் ஏறாது' என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்குக் கோபம் வருகிறது. முக்கூடல் பக்கம் கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் ஆயிரம் பீடி சுற்றி எண்ணிக்கை பிசகாமல் கொடுக்கிறார்கள். 'இதை முழுங்கக் கூடாது' என்று ஒரு வரி சொன்னால் அவர்களுக்கா ஏறாது? எழுதியவனுக்கு அது தெரிந்த விஷயம், அதனால் விட்டுவிட்டான். எழுதியவன் என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

எங்கள் ஆச்சிக்குத் தைராய்டு மாத்திரை. "வெறும் வயித்துல போட்டியா ஆச்சி?" என்றால், "வெறும் வயிறுதாம்ல, கருப்பட்டிக் காப்பி மட்டுந்தான் குடிச்சேன்" என்பாள். காப்பி அவள் கணக்கில் சாப்பாடே இல்லை. ஆனால் காப்பியோடு போனால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. 'வெறும் வயிற்றில்' என்பது லேசான தமிழ்தான், ஆச்சிக்கு உதவவில்லை. 'எந்திரிச்சதும் தண்ணியில போடணும், அரை மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி' என்று மாற்றிச் சொன்னதும் சரியாகிவிட்டது.

பேதியானால் கரைத்துக் கொடுக்கிற ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாருங்கள். 'ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும்.' நம் வீடுகளில் லிட்டர் ஏது? செம்பு இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குப் பேதி அதிகமாகும், ஆபத்தாகவும் முடியும். போதாததற்கு 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. 'கடையில விக்கிற ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் நிறைய' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. மிச்சத்தை மறுநாள் கொட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும், நம் ஆட்களுக்கு எதையும் கொட்ட மனசு வராது.

பிள்ளைகளுக்கான பாரசிட்டமால் இன்னும் மோசம். சொட்டு மருந்து என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அந்தச் சிரப்புக்குச் சொன்ன மில்லி அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். இதில் நான் 'ஒரு தேக்கரண்டி' என்று வேறு அடித்து வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக் கரண்டி?

'நீரிழிவு, குருதி அழுத்தம், உட்கொள்ளவும்' என்று எழுதாவிட்டால் தமிழ் என்ன ஆகும் என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். மேடையில் சொல்லட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன். மருந்துத் தாளில் சுகர், பிரஷர், சாப்பிடுங்க. அவ்வளவுதான். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதற்கு 1-0-1 என்று போடுவதையும் விட்டுவிட்டேன். "நூத்தியொண்ணா?" என்று ஒரு அம்மா நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்கள்.

இப்போது எந்தத் தாளானாலும் கடைக்கு வருகிற யாரிடமாவது வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். 'புரிஞ்சுதா' என்று கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், பேங்கில் நானும் அப்படித்தான் தலையாட்டுகிறேன். 'வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லிக் காட்டுங்க' என்பேன். போன வாரம் மேலப்பாளையத்திலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வந்த அக்காவிடம் ஒரு சுகர் தாளை வாசித்தேன். 'காலையில சாப்பிட்டதும் ஒண்ணு' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"நோம்பு மாசத்துல எப்பம் போட?"

தாள் கொடுத்த டாக்டருக்கே போன் போட்டேன். "நோன்பு வைக்கிறதுக்கு முன்னாடியே வந்து பார்க்கச் சொல்லுங்க, நேரத்தையும் அளவையும் மாத்தித் தரணும்" என்றார். அந்த வரியையும் சேர்த்து அடித்து அனுப்பினேன்.