சோலார் சரி, ராத்திரி கரண்டுக்கு என்ன வழி?

"மூணு கிலோவாட் போடுங்க, இ.பி. பில்லே வராது" என்று தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ஒன்றிய அரசும் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தாராளமாகப் போடுங்கள். எங்கள் மொட்டை மாடியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பில் வராததையும், இ.பி.யே தேவைப்படாததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மூன்று கிலோவாட் என்றால் நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் வரும். எப்போது வரும்? எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பகல் 12 மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஓடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். மிச்சமெல்லாம் மீட்டர் வழியாக வெளியே போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி. போடும்போது அதே அளவை இ.பி.யிடமிருந்து திரும்ப வாங்குகிறோம். கணக்கில் கழிந்துவிடுவதால் பில் வருவதில்லை. ஆனால் அந்த ராத்திரி யூனிட்டை நிலக்கரியோ, அணுமின் நிலையமோ, காற்றாலையோ எங்கோ தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பேட்டரி வைக்காத சோலாரில் இன்னொரு கூத்து உண்டு. இ.பி. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எந்த நோட்டீஸிலும் இதைப் பார்த்ததில்லை.

வெயில் கூடினால் கரண்டும் கூடும் என்பதும் பாதிதான் உண்மை. பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. கத்திரியில் அது 60 டிகிரியைத் தொடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் உற்பத்தி அதிலேயே போய்விடும். எங்கள் வீட்டில் மாசி, பங்குனியில்தான் யூனிட் அதிகம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் சாயங்காலம் ஒரு பேனலின் மூலையில் விழும். மூலைதானே என்று விட முடியாது, அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்காவது படுத்துவிடும்.

வீட்டுக் கதையே இப்படியென்றால் மாநிலத்தின் கதை இன்னும் பெரியது. கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு அதன் உற்பத்தி பூஜ்யம். 2024 கோடையில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. வெளிச்சம் போன பிறகு சோலார் விட்டுப்போகும் பள்ளத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் வேறு எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். அனல்மின் நிலையத்தை ஃபேன் சுவிட்ச் மாதிரி போட்டு அணைக்க முடியாது. அதனால் பகலிலும் குறைந்த சுமையில் எரியவிட்டு வைத்திருக்கிறார்கள். ஆடியில் காற்றாலைகள் கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் வெயிலும் இல்லை, காற்றும் அவ்வளவாக இல்லை.

ஆக, இன்னும் எத்தனை பேனல் என்பதைவிட, பகல் கரண்டை எங்கே சேமிப்பது என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. வழி தெரியாமலும் இல்லை. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு எடுக்கிறார்கள். அன்றைக்கு மிஞ்சியது ராத்திரி கரண்ட், இன்றைக்கு மிஞ்சுவது பகல் கரண்ட், அவ்வளவுதான் வித்தியாசம். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்கு வருகிறது, அதுவும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே. பேனலுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை வீட்டு பேட்டரிக்கும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம், இ.பி.யின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணமான நெட்வொர்க் சார்ஜ் என்றாலே சோலார் போட்டவர்கள் கொதிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு என்பதில் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் பகலில் நாம் தள்ளிவிடுவதை வாங்கிக்கொண்டு ராத்திரி திருப்பித் தரும் வேலையை இ.பி. ஓசியில் செய்ய வேண்டும் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.