மதுவிடுதி வாசலில் தொங்கிய பலகை

அமெரிக்காவின் பழைய மதுவிடுதிகள் சிங்கம், கழுகு, சூரியன் என்று படம் வரைந்த பலகைகளை மாட்டியது எழுத்தறியாதவர்களுக்காகத்தான் என்ற விளக்கத்தை அடிக்கடி வாசிக்கிறேன். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. ஆண்களில் பெரும்பாலோர் வாசிக்கத் தெரிந்திருந்த, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்திலும் இத்தகைய பலகைகள் ஏராளமாகத் தொங்கின. அப்பகுதியைச் சேர்ந்த கனெக்டிகட்டில், ஒவ்வொரு ஊரும் வழிப்போக்கர் தங்க ஒரு விடுதி வைத்திருக்க வேண்டும் என்று 1644இலேயே உத்தரவு பிறந்தது. வருவோர் கண்ணில் படும்படி விடுதிக்காரர் பலகை மாட்ட வேண்டும் என்று 1672இல் சட்டமும் வந்தது. ஆகவே அதை விளம்பரம் என்பதைவிட, முகமறியாதவனுக்கும் இடம் தர ஒப்புக்கொண்டதன் அடையாளம் என்றே சொல்வேன்.

அந்த இடம் சொகுசானதன்று. 1776 செப்டம்பரில், அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவே ஆங்கிலேயத் தளபதி ஹோவுடன் பேசச் சென்ற அமெரிக்கத் தலைவர்கள் ஜான் ஆடம்ஸும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நியூ பிரன்ஸ்விக் விடுதியொன்றில், கட்டிலைவிடச் சற்றே பெரிய அறையில், ஒரே படுக்கையில் படுக்க நேர்ந்தது. குளிர்காற்றுக்கு அஞ்சி ஆடம்ஸ் சன்னலைச் சாத்த, மூச்சு முட்டும், திறந்துவிடுங்கள் என்று ஃபிராங்க்ளின் சளி பிடிப்பதன் காரணங்களை விளக்கத் தொடங்க, அதைக் கேட்டபடியே ஆடம்ஸ் உறங்கிப்போனாராம். மதுவிடுதிகள் பெருகிவிட்டன என்று இளமையில் தம் ஊரில் போர்க்கொடி தூக்கியவரும் இதே ஆடம்ஸ்தான்!

இந்த விடுதிகளைச் சுதந்திரத்தின் தொட்டில் என்று மட்டும் போற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1769இல் ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைத்ததும் வர்ஜீனியாவின் உறுப்பினர்கள் வில்லியம்ஸ்பர்க்கின் ராலே விடுதியில் கூடி ஆங்கிலேயப் பொருள்களைப் புறக்கணிக்க முடிவெடுத்தது உண்மை. அதே விடுதியில் அடிமைகள் ஏலம் விடப்பட்டதும் உண்மை. அடிமைகளுக்கும் செவ்விந்தியர்களுக்கும் மது விற்கக் கூடாது என்று பல குடியேற்றங்களில் சட்டமே இருந்ததால், வாசலில் தொங்கிய அழைப்பு அவர்களுக்கானதாக இல்லை.

கனெக்டிகட்டின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இத்தகைய பலகைகள் 60க்கும் மேல் உள்ளன. பழையதைத் தூக்கி எறியாமல் அதன்மேலேயே புதிய படமும் பெயரும் தீட்டிக்கொள்வது அக்கால வழக்கம். அங்குள்ளவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இஸ்ரேல் புட்னமின் விடுதிப் பலகை. 1775இல் பங்கர் ஹில்லில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அந்த அமெரிக்கத் தளபதி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தம் வாசலில் மாட்டியிருந்தது, 1759இல் கியூபெக்கில் மாண்ட ஆங்கிலேயத் தளபதி உல்ஃபின் முழு உருவப் படத்தை.